மறுமொழி: பாயேற்றும் வின்ச்சுக்குத் தமிழ்ச்சொல் – ‘பற்றுருளை’ சரியாக வருமா?

வணக்கம் நண்பர்களே,

பாய்ப்படகில் பாயேற்றும் கயிற்றைச் சுற்றி இறுக்குகிற, கைப்பிடியால் திருப்பும் உருளைதான் வின்ச். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று தொடங்கிய இழை நீண்டுவிட்டது. பாரந்தூக்கி, இழுவை, ராட்டினம், இறுக்குருளை, பிடியுருளை என்று வரிசையாகச் சொற்கள் வந்திருக்கின்றன, வின்ச் என்றே விட்டுவிடலாம் என்றும் சிலர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தேன். என் ஓட்டு ‘பற்றுருளை’க்கு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சொல் அகராதியில் போய் உட்காருவதற்கு முன்னால், படகின் மேல் ஸ்பானரோடு நிற்கிறவர் கையில் இருக்கும் தாளில் வரப்போகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சேலத்தில் எங்களுடையது லேத் பட்டறை. சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் பழைய பாய்ப்படகு ஒன்று, 22 அடி, கண்ணாடியிழை உடம்பு, அலுமினியப் பாய்மரம். அந்த மரத்தில் புதிதாகப் பொருத்தப்போகும் இரண்டு வின்ச்சுகளுக்கு அடிக்கட்டை செய்து தரும் வேலை எங்களிடம் வந்திருக்கிறது. படகைப் பராமரிக்கிறவர்கள் தமிழில்தான் படிப்பார்கள் என்பதால், பொருத்துவதையும் அப்புறம் பராமரிப்பதையும் விளக்கும் தமிழ்க் கையேடு ஒன்றையும் எழுதித் தருகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் கயிறு. பாயை மரத்தின் உச்சிக்கு ஏற்றுகிற கயிற்றுக்கு நாம் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம், ஆஞ்சான் என்ற சொல் பழைய அகராதிகளிலேயே இருக்கிறது. பாயின் கீழ்முனையைக் காற்றுக்குத் தக்கபடி இழுத்தும் விட்டும் பிடிக்கிற கயிறு தாமான். ‘பாயேற்றுக் கயிறு’ என்றால் எல்லோருக்கும் புரியுமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். புரியும்தான். ஆனாலும் மரக்கலத்தில் உழைத்தவர்கள் வாயில் புழங்கிய சொல் கையில் இருக்கும்போது அதைத் தள்ளிவிட்டு இன்னொன்றை ஆக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை. முதல் முறை வரும்போது ‘பாயை ஏற்றும் கயிறாகிய ஆஞ்சான்’ என்று எழுதிவிட்டால் இரண்டாம் பக்கத்திலேயே பழகிவிடும்.

இனி வின்ச். இந்த அளவுப் படகில் பாயைப் பெரும்பாலும் கையாலேயே ஏற்றிவிடலாம், ஆஞ்சானை இழுக்க இழுக்கப் பாய் ஏறும், கடைசி ஒரு முழம்தான் வராது. பாயின் முன்விளிம்பு விறைப்பாக நிற்பதும் தொய்ந்து சுருக்கம் விழுவதும் அந்த ஒரு முழத்தில்தான் இருக்கிறது, காற்று வலுக்கும்போது தொய்ந்த பாய் படகை முன்னே தள்ளுவது குறைந்து பக்கவாட்டில் சாய்ப்பது அதிகமாகும். அந்த நேரத்தில்தான் ஆஞ்சானை உருளையில் மூன்று நான்கு சுற்று சுற்றி, உருளையின் தலையில் கைப்பிடியைச் செருகித் திருப்புவார்கள். சுற்றுவது எப்போதும் கடிகார முள் திரும்பும் திசையில். உருளை கயிற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. இந்தப் பக்கம் எவ்வளவு உள்ளே வருகிறதோ அவ்வளவும் அந்தப் பக்கம் வெளியே போய்விடும், அந்த வால்முனையை ஒரு கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுமையைப் பிடித்து நிற்பது சுற்றுகளின் உராய்வு. உருளை திரும்பி ஓடாமல் தடுப்பது உள்ளே இருக்கிற பல்சக்கரமும் அதில் விழுகிற நாக்கும். அம்மாபேட்டைப் பக்கம் கைத்தறி பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை, நெய்த துணி சுருள்கிற படமரத்தின் ஓரத்திலும் இதே மாதிரி பல்சக்கரமும் நாக்கும் இருக்கும், துணியின் விறைப்பு விட்டுப்போகாது. ஆனால் படமரம் துணியைத் தன் மேலேயே சுருட்டி வைத்துக்கொள்கிறது, நம் படகு உருளை அப்படிச் செய்வதில்லை. என் வாதம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

ஏனென்றால், சுருட்டி வைத்துக்கொள்ளும் வகையும் படகுகளில் உண்டு. 1960, 70-களில் கட்டிய பல படகுகளில் ஆஞ்சான் கயிறாக இல்லாமல் எஃகுக் கம்பிவடமாக இருந்தது. பாய்மரத்தில் பொருத்திய ஓர் உருளை அந்த வடம் முழுவதையும் தன் மேல் சுருட்டிக்கொள்ளும், இறக்குவதற்கு ஒரு பிரேக். பாய் மேலே போன பிறகு கைப்பிடியைக் கழற்றாமல் விட்டுவிட்டு, அப்புறம் வேறொருவர் வந்து பிரேக்கைத் தளர்த்தினால், பாய் இறங்குகிற வேகத்தில் உருளையோடு சேர்ந்து கைப்பிடியும் சுழலும். கனமான உலோகக் கைப்பிடி அது, பக்கத்தில் இருக்கிற கையையோ முகத்தையோ உடைத்துவிடும். இந்தப் படகில் இருப்பதும் அந்தப் பழைய வகைதான். அதைக் கழற்றி, கம்பிவடத்துக்குப் பதிலாகக் கயிறு போட்டு, சுருட்டாத வகையைப் பொருத்தப் போகிறார்கள். ஆக ஒரே கையேட்டில் இரண்டு கருவியும் வரும். ‘வின்ச்சின் பிரேக்கைத் தளர்த்து’, ‘வின்ச்சில் மூன்று சுற்று போடு’ என்று இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து எழுதினால் படிப்பவர் எதை எங்கே செய்வார்? பழையதுக்கு சுருட்டுருளை, புதியதுக்குப் பற்றுருளை. ஒன்று சுருட்டுகிறது, மற்றது பற்றிக்கொள்கிறது. பெயரைக் கேட்டதுமே எந்தக் கருவியில் வால்முனையைக் கையில் பிடிக்க வேண்டும், எதில் கைப்பிடியைக் கட்டாயம் கழற்ற வேண்டும் என்று தெரிந்துவிட வேண்டும். இதைத்தான் நான் இந்தச் சொற்களிடம் எதிர்பார்க்கிறேன்.

வந்த மற்றச் சொற்களைப் பற்றி. பாரந்தூக்கி ஏற்கெனவே கிரேனுக்குப் போய்விட்டது, தவிர இந்தக் கருவி எதையும் தூக்குவதில்லை, ஏறின பாயை விறைக்கிறது. இழுவை என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்குப் பழனி மலைதான் ஞாபகம் வரும், ‘வின்ச்சில் ஏறினோம்’ என்றால் அங்கே தண்டவாளத்தில் போகிற பெட்டியையே குறிக்கும், அந்தச் சொல் அங்கேயே நன்றாக இருக்கட்டும். வின்ச் என்றே விடக்கூடாது என்பதற்கும் இதையே காரணமாகச் சொல்வேன், தமிழில் அது ஏற்கெனவே ஒரு வாகனத்தின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. ராட்டினம் அழகான சொல், ஆனால் கிணற்று ராட்டினம் வெறும் கப்பி, கயிற்றின் திசையை மாற்றுமே தவிர விட்டால் பிடித்து நிறுத்தாது. கையேட்டில் கப்பிகளும் வருவதால் குழப்பம் கூடும். இறுக்குருளை எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பழைய சுருட்டுருளையும் இறுக்கத்தான் செய்கிறது, அப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. பிடியுருளையில் உள்ள சிக்கல் வேறு: கைப்பிடியை ‘பிடி’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ‘பிடியுருளையின் பிடி’ என்று எழுத வேண்டி வரும்.

பற்றுருளைக்கு வந்த ஆட்சேபம் இரண்டு. பற்று என்றால் கணக்கில் வருகிற பற்று வரவு என்கிறார் ஒருவர். படகுக் கையேட்டில் அந்த மயக்கம் வராது. இரண்டாவது எனக்கே தோன்றியது, பட்டறையில் பற்றவைப்பு என்றால் வெல்டிங், ஆகவே பற்றுருளையை வெல்டிங் சம்பந்தமான ஏதோ உருளை என்று நினைப்பார்களோ என்று. எங்கள் பட்டறையில் வேலை செய்கிறவர்களிடம் முன்பின் எதுவும் சொல்லாமல் சொல்லை மட்டும் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், ‘எதையோ பிடிச்சுக்கிற ரோலர்’ என்றார்கள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

சொல் வாக்கியத்தில் ஓடுகிறதா என்று பார்க்கக் கையேட்டின் பொருத்தும் பகுதியை அப்படியே இங்கே போடுகிறேன், வெட்டித் திருத்துங்கள்:

“பற்றுருளையை நேராகப் பாய்மரத்தின் மேல் வைத்துத் திருகக் கூடாது. மரம் வளைவு, உருளையின் அடி தட்டை. இடையில் ஓர் அடிக்கட்டை வேண்டும், அதன் ஒரு முகம் மரத்தின் வளைவுக்குப் பொருந்தியும் மறுமுகம் தட்டையாகவும் இருக்கும். தட்டை முகம் மரத்துக்கு இணையாக இருக்கக் கூடாது. மேல்பக்கம் தடிப்பாகவும் கீழ்ப்பக்கம் மெல்லியதாகவும், 5 முதல் 8 பாகை சாய்வில் இருக்க வேண்டும். அப்போது உருளையின் தலை சற்றே கீழ்நோக்கும், மேலிருந்து வரும் ஆஞ்சான் உருளையின் அடிப்பக்கமாக வந்து சேர்ந்து, சுற்றுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரிசையாக அமரும். சாய்வு தவறினால் வருகிற கயிறு ஏற்கெனவே இருக்கிற சுற்றின் மேல் ஏறிப் பூட்டிக்கொள்ளும். இதுவே ஏறுசுற்று. சுமை உள்ள கயிற்றில் ஏறுசுற்று விழுந்தால் பாயை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

மரத்தின் சுவர் 3 மி.மீ. என்றால் 6 மி.மீ. திருகுக்கு அதில் மூன்று மரைதான் கிடைக்கும். ஆகவே பற்றுருளையின் திருகுகளை அடிக்கட்டையின் தடிப்பில் மரை போட்டு இறக்க வேண்டும், அடிக்கட்டையை மரத்தில் தனியாக, அதிகத் திருகுகள் கொண்டு பரவலாகப் பிடிக்க வேண்டும். உருளை வெண்கலம், மரம் அலுமினியம். உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தகடு வைக்கவும், ஒவ்வொரு துருப்பிடிக்காத எஃகுத் திருகிலும் அரிப்புத் தடுக்கும் பசை தடவவும்.”

‘வெண்கலம்’ என்பதற்கும் ‘பித்தளை’ என்பதற்கும் பட்டறையில் வித்தியாசம் பார்ப்பார்கள், ஆகவே அதை மாற்ற வேண்டாம். இரண்டு உருளையையும் மரத்தின் இரு பக்கத்திலும் ஒரே உயரத்தில் வைக்காமல் சற்று ஏற்றி இறக்கி வைத்தால் கைப்பிடிகள் ஒன்றோடொன்று இடிக்காது, அதையும் சேர்க்கப் போகிறேன். ஆஞ்சானைக் கப்பிகள் வழியாகத் திருப்பி, படகில் ஆட்கள் உட்காரும் இடத்துக்கே கொண்டு வந்தால் என்ன என்று கேட்டவருக்கு: செய்யலாம், ஆனால் கயிறு 90 பாகை திரும்புகிற இடத்தில் கப்பியின் மேல் கயிற்றின் சுமையைப் போல 1.4 மடங்கு விழும், பழைய படகின் மேல்தளம் அதைத் தாங்குமா என்று பார்த்து அடியில் வலுவூட்ட வேண்டும். இந்தப் படகில் மரத்திலேயே பொருத்துவது என்று முடிவாகிவிட்டது.

துணைச்சொற்கள். உள்ளே விழுகிற நாக்குக்குத் தடைநாக்கு என்று வைத்திருக்கிறேன், பூட்டின் நாக்கு எல்லோருக்கும் தெரியும் என்பதால். பராமரிப்பில் முக்கியமான இடம் அதுதான்: பல்சக்கரங்களுக்குக் கொஞ்சம் கிரீஸ், தடைநாக்குக்கு எண்ணெய் மட்டும். நாக்கில் கிரீஸ் போட்டால் அது ஒட்டிக்கொண்டு பல்லில் விழாமல் நின்றுவிடும், உருளை சுமையோடு பின்னால் ஓடும். இன்னொன்று, எத்தனை மடங்கு இழுக்கும் என்ற அளவு. கைப்பிடியின் நீளம் 10 அங்குலம், அதாவது 254 மி.மீ., உருளையின் ஆரம் 32 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 8 மடங்கு. 15 கிலோ அழுத்தத்தில் கை சுற்றினால் கயிற்றில் 120 கிலோ, உராய்வில் போவது போக. இதற்கு ‘விசைமடங்கு’ போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், ஊர்ப்பாசத்தில் சொல்கிறேன். இராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்த காலத்தில், 1916-ல், வெங்கடசுப்பையர் என்பவரும் அவரும் சேர்ந்து அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு கழகம் தொடங்கினார்கள். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் என்று வரிசையாக எடுத்து அப்போதே இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். பாடத்துக்கு வேண்டிய சொற்கள் அன்றிலிருந்து எவ்வளவோ வந்துவிட்டன, கருவியைக் கையில் எடுத்துக் கழற்றிப் பூட்டுகிறவருக்கான சொற்கள் அந்த அளவுக்கு வரவில்லை, பட்டறையில் ஒவ்வொரு நாளும் எனக்கு அது உறைக்கிறது. அதனால்தான் ஓர் உருளைக்கு இவ்வளவு எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று பாக்கி. பற்றுருளையிலேயே ஒரு வகையில், தலைப்பக்கம் ஓர் இடுக்கு இருக்கும், வெளியே வரும் வால்முனையை அந்த இடுக்கே கவ்விக்கொள்ளும், ஆள் பிடிக்க வேண்டாம், ஒருவர் தனியாகவே இரண்டு கையாலும் சுற்றலாம். இந்தப் படகுக்கு இப்போது வாங்கவில்லை, ஆனால் அடுத்து வாங்குவார்கள் போலிருக்கிறது, கையேட்டில் ஒரு பத்தி எழுத வேண்டும். தன்பற்றுருளை என்றால் வாயில் நுழையவில்லை. கவ்வுருளை என்று எழுதிப் பார்த்தேன், அது வேறொரு கருவி மாதிரி ஒலிக்கிறது. வால்கவ்விப் பற்றுருளை நீளம். கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால், கயிற்றின் விடுமுனைக்கு உங்கள் பக்கம் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள், ‘வால்’ என்பதே புழக்கமா வேறு சொல் உண்டா என்று தெரிந்தால் அதிலிருந்து ஏதாவது பிடிக்கலாம். அடிக்கட்டை இந்த வாரம் மில்லிங்குக்குப் போகிறது, கையேடு அதோடு சேர்ந்து சென்னைக்குப் போக வேண்டும், அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.