தினேஷ் டொராண்டோ போறதுக்கு முன்னாடி: எங்க குடும்பக் குழுவுல ஒரு ராத்திரி

[இரவு 8:41] பெரிய மாமா: தினேஷ், அடுத்த மாசம் டொராண்டோ கிளம்புற. அங்க கஞ்சாவைக் கடையில வச்சே விக்கிறாங்கப்பா. ஒரு இழுப்பு இழுத்தாலும் வாழ்க்கை போயிடும், பாத்துக்க.

[8:44] தினேஷ்: மாமா, நான் தொடமாட்டேன். ஆனா ஒரு இழுப்புல வாழ்க்கை போயிடும்னு சொன்னா என் வயசுப் பசங்க நம்பமாட்டாங்க. 2018லேர்ந்து அங்க சட்டப்படி விக்கிறாங்க. நாடே அழிஞ்சிடலையே.

[8:45] சுதா சித்தி: இந்தப் பேச்சுதான்டா எனக்குப் பயமா இருக்கு

[8:52] ரேவதி: மாமா, தினேஷ் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்ல 1977ல பிறந்த 1,265 பிள்ளைங்களைப் பெரியவங்களாகுற வரைக்கும் தொடர்ந்து கவனிச்சாங்க. அதுல பாதிக்கு மேல 25 வயசுக்குள்ள ஒரு தடவையாவது கஞ்சா எடுத்திருக்காங்க. பொதுவா 20 வயசையொட்டி அதிகமாகும், அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தைன்னு வந்ததும் நிறையப் பேர் குறைச்சிடுறாங்க.

[8:53] தினேஷ்: பாத்தீங்களா

[8:55] ரேவதி: இரு, இன்னும் முடிக்கல. எல்லாரும் குறைக்கிறதில்ல. சின்ன வயசுலயே ஆரம்பிச்சு அடிக்கடி எடுத்தவங்க படிப்புலயும் வருமானத்துலயும் பின்தங்கிட்டாங்க. எடுக்குறவங்கள்ல ஏறக்குறைய 10ல ஒருத்தர் விடமுடியாத நிலைக்குப் போறாங்க. பதின்ம வயசுல தொடங்கினா அது 6ல ஒருத்தர். அந்த ஒருத்தர் யாருன்னு ஆரம்பத்துல யாருக்கும் தெரியாது தம்பி.

[9:03] அருண்: அக்கா சொல்ற அந்த ஒருத்தரை நான் பாத்திருக்கேன். டொராண்டோல என்கூட ஒரே வீட்ல இருந்தவர். நம்ம ஊர்க்காரர் இல்ல. முதல் வருஷம் வெள்ளிக்கிழமை மட்டும்தான், நாலு பேரோட சேர்ந்து, சிரிச்சுப் பேசிக்கிட்டு. ரெண்டாவது வருஷம் பரீட்சை டென்ஷன்னு ராத்திரி தூங்குறதுக்கு. நாலு பேர் போய் இவர் மட்டும். மூணாவது வருஷம் காலையில எந்திரிச்சதும், பல் விளக்கறதுக்கு முன்னாடியே.

[9:04] அருண்: என்னைக்கு மாறினார்னு கேட்டா என்னால சொல்ல முடியாது. ஒரே நாள்ல நடந்திருந்தா நாங்களே தடுத்திருப்போம்.

[9:07] சுதா சித்தி: விடச் சொல்லலையாப்பா?

[9:12] அருண்: அவரே நாலு தடவை விட்டார் சித்தி. ஒவ்வொரு தடவையும் ரெண்டாம் நாள் தூக்கம் வராது, எரிஞ்சு விழுவார், சாப்பாடு இறங்காது. "பாத்தியா, இது இல்லாம எனக்குத் தூக்கமே இல்ல"ன்னு மறுபடி ஆரம்பிப்பார். விட்டதாலதான் தூக்கம் போச்சுன்னு எங்க யாருக்கும் தெரியல.

[9:14] ரேவதி: ஆமா. முதல் வாரம்தான் மோசமா இருக்கும், ரெண்டு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும். அதுவரைக்கும் கூட ஒரு ஆள் இருந்தா எவ்வளவோ பேர் தாண்டிடுவாங்க. அந்தக் காலத்துக் கஞ்சாவை நினைச்சும் பேசக்கூடாது. இப்ப கிடைக்கிறதுல போதை தர்ற டிஎச்சி பல மடங்கு அதிகம். மூளையும் 25 வயசு வரைக்கும் வளர்ந்துக்கிட்டேதான் இருக்கு.

[9:18] பெரிய மாமா: இப்ப அந்தப் பையன் எப்படி இருக்கான்?

[9:21] அருண்: ஒரு செமஸ்டர் போச்சு மாமா. அப்புறம் அவங்க அக்கா வந்து மூணு வாரம் கூடவே தங்கினாங்க. இப்ப 27 வயசு, வேலைக்குப் போறார். காலையில எடுக்குறது நின்னுடுச்சு. முழுசா விட்டாரான்னு கேட்டா, இல்ல.

[9:26] பெரிய மாமா: தினேஷ், நான் பயமுறுத்துற மாதிரி சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு. நீ சிங்கப்பூர்க் குடிமகன். வெளிநாட்ல எடுத்தாலும் இங்க குற்றம்தான். சிறுநீர், முடி ரெண்டையும் சோதிக்கலாம். 10 வருஷம் வரைக்கும் சிறை, இல்ல 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.

[9:28] தினேஷ்: தெரியும் மாமா. தேசிய சேவையில இருக்கும்போதே சொல்லிட்டாங்க.

[9:35] தினேஷ்: அருண் அண்ணே, உங்ககிட்ட நீட்டினப்ப என்ன சொன்னீங்க?

[9:38] அருண்: "ஊருக்குத் திரும்பினா என் முடியைச் சோதிப்பாங்க"ன்னு சொன்னேன். நமக்கு அது ரொம்ப உதவியான பதில். நான் வேணாம்கிறேன்னு அவங்களுக்கும் சங்கடமில்ல. ரெண்டாவது தடவை யாரும் கேக்கல.

[9:41] சுதா சித்தி: அருண், சனிக்கிழமை உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்துட்டுப் போப்பா. குளிர் சட்டை வாங்க தேக்கா போறோம், நீயும் கூட வா.

[9:42] அருண்: வரேன் சித்தி.

[9:50] தினேஷ்: அண்ணே, உங்ககூட ஒரே வீட்ல இருந்தவர் இன்னும் டொராண்டோலதானே இருக்கார்? அவருக்குச் சம்மதம்னா அங்க போனதும் ஒரு தடவை பாக்கணும்.

[9:53] அருண்: கேட்டுட்டுச் சொல்றேன்டா.