மறு: அயற்சாவியா, பிணையா, பார்வை எண்ணா? சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தண்டையார்பேட்டையிலிருந்து, வியாழன் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை மாலைக்குள் தரவுத்தள வகுப்புக் குறிப்புகளை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாக வேண்டும். பதினோரு பக்கமும் தயார், ஒரு சொல்தான் பாக்கி. ஓர் அட்டவணையில் இருந்துகொண்டு இன்னோர் அட்டவணையின் வரிசையை அடையாளம் காட்டும் கட்டம் இருக்கிறதே, அதற்குப் பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் ஃபாரின் கீ, தமிழில் அயற்சாவி என்று எழுதுகிறார்கள். போன வாரம் வகுப்பில் அதைத்தான் சொன்னேன். யாருக்கும் ஒட்டவில்லை.

குழுவுக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. வகுப்புக்கு எடுத்துக்கொண்டது எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்ன டிரான்ஸ்போர்ட் ஆபீஸின் கணக்கை. ஏழு டிரெய்லர் ஓடுகிறது. துறைமுகத்துக்கும் மாதவரம், மணலிப் பக்கத்துக் கிடங்குகளுக்கும் கன்டெய்னர் அடிக்கிறார்கள். கணக்கெல்லாம் நீள நோட்டில். ஒவ்வொரு டிரிப்புக்கும் பார்ட்டி பெயர், போன் நம்பர், ஊர் என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி ஒரே நோட்டில் கும்டி, கும்முடி, ஜி.பூண்டி என்று மூன்று ஊராகிவிட்டது. ஒரு பார்ட்டிக்கு மாதத்தில் எத்தனை டிரிப் என்று எண்ணக் கிளார்க்குக்கு அரை நாள் போகிறது. அதனால் வண்டி, டிரைவர், பார்ட்டி, டிரிப், செலவு என்று அட்டவணைகளைப் பிரித்தோம். டிரிப் அட்டவணையில் பார்ட்டியின் பெயர் கிடையாது, பார்ட்டி எண் மட்டும்தான்.

கன்டெய்னரில்தான் நெடுநேரம் நின்றோம். ஒரு டிரெய்லரில் 40 அடிப் பெட்டி ஒன்று ஏறும், அல்லது 20 அடிப் பெட்டி இரண்டு ஏறும். "கன்டெய்னர் 1, கன்டெய்னர் 2ன்னு ரெண்டு கட்டம் போட்டுடலாம் சார்" என்றான் ஒரு பையன். அப்படிப் போட்டால் ஒரு பெட்டியைத் தேட இரண்டு கட்டத்திலும் தேட வேண்டும். அப்புறம், லோடோடு போன அதே பெட்டி இன்னொரு நாள் காலியாகத் திரும்பும். ஆகவே டிரிப்புக்கும் பெட்டிக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் அட்டவணை போட்டோம். அதில் டிரிப் எண், பெட்டி எண் என்று இரண்டே கட்டம். இரண்டுமே நான் பெயர் தேடுகிற வகை. பலகையில் அதைப் பார்த்ததும் கிளார்க் கேட்டார்: "இது எல்.ஆர். நம்பர் மாதிரிதானே சார்? பில்லுலயும் அதத்தான் போடுறோம், டிரிப் ஷீட்லயும் அதத்தான் போடுறோம்."

அதுவேதான், லாரி ரசீதின் எண். கருத்து அவரிடம் பல வருடமாக இருக்கிறது. அயலும் சாவியும் சேர்ந்து அதை மறைத்துவிட்டன.

என் பரிந்துரை 'பார்வை எண்'. அரசுக் கடிதத்தில் 'பொருள்' என்று ஒரு வரி, அதன் கீழே 'பார்வை' என்று முந்தைய கடிதத்தின் ந.க. எண்ணும் நாளும் இருக்கும். பட்டாவுக்கோ முதியோர் பணத்துக்கோ ஒரு முறை மனுப் போட்டவருக்கும் அது தெரியும். இந்தத் தாள் அந்தத் தாளைக் காட்டுகிறது, அவ்வளவுதான். மக்கள் கையில் புழங்கும் சொல் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஏன் செய்ய வேண்டும்?

பெரம்பூரிலிருந்து, வெள்ளி காலை

தம்பி, அயற்சாவியைக் கைவிட்டது நல்லது. சாவி போர்த்துக்கீசியரோடு வந்தது, அலமாரியும் சன்னலும் மேசையும் வந்த அதே கப்பலில். திறவுகோல் என்று மாற்றினாலும் பயனில்லை. இந்தக் கட்டம் எதையும் திறப்பதில்லையே.

நான் பிணை என்பேன். வேர் கட்டுதல். களத்தில் மாடுகளைச் சேர்த்துக் கட்டிக் கதிர் மிதிக்க விடுவது பிணையடித்தல். சங்கப் பாட்டில் ஆண்மான் கலை, பெண்மான் பிணை. இணையோடு சேர்ந்தே நிற்பதால் அந்தப் பெயர் வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். இரலை, நவ்வி, மறி என்று மானுக்கு மட்டும் தமிழில் எத்தனை பெயர்! வகுப்பு எடுத்த காலத்தில் ஒரு பாடவேளை முழுவதும் இதிலேயே போய்விடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் பார்வை எண்ணைத் தவறாகப் போட்டாலும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் தரவுத்தளம் அப்படி விடாது என்று சென்ற மாதம் நீங்களே எழுதினீர்கள். இல்லாத பார்ட்டி எண்ணைப் போட்டால் அந்த டிரிப்பை ஏற்காது. நீதிமன்றத்தில் இல்லாத ஆளைப் பிணை காட்ட முடியுமா? ஒரு வண்டியை விற்றுவிட்டீர்கள். அதன் பழைய டிரிப்புகள் இருக்கும்வரை வண்டி அட்டவணையிலிருந்து அந்த வரிசையை நீக்க முடியாது. பிணை நிற்பவர் நீதிமன்றத்தைக் கேட்காமல் பாதியில் விலக முடியாது என்பதும் இதே நியாயந்தான். காட்டுவது மட்டும் இதன் வேலையாகாது, கட்டுப்படுத்துவதும் இதன் வேலை. பார்வை என்ற சொல்லில் அந்தக் கட்டு இல்லை.

ராயபுரத்திலிருந்து, வெள்ளி மதியம்

ஐயா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் நாளை வேலைக்குப் போகும் இடத்தில் 'ஃபாரின் கீ' என்றுதான் கேட்பார்கள். அப்போது மானைப் பற்றிச் சொல்ல முடியாது. தமிழ் எழுத்தில் ஃபாரின் கீ என்றே அச்சிடுங்கள், கீழே ஒரு வரி விளக்கம் கொடுங்கள். டிரிப், பார்ட்டி, லோடு எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு இந்த ஒன்றுக்கு மட்டும் இத்தனை பாடு எதற்கு?

இன்னொன்று. குறிப்பின் முதல் பக்கத்தில் 'அட்டவணைகளுக்குள் உறவு இருப்பதால் உறவுசார் தரவுத்தளம்' என்று இருக்கிறது. அது சரியில்லை. 1970இல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் இந்த மாதிரியை எழுதியபோது, அவர் உறவு என்றது கணிதத்தின் உறவை. பத்தாம் வகுப்பில் 'உறவுகளும் சார்புகளும்' என்று படிக்கிறார்களே, அதே உறவு. ஒவ்வோர் அட்டவணையும் தனியாகவே ஓர் உறவுதான். இதைத் திருத்தாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

மணலியிலிருந்து, வெள்ளி இரவு

அண்ணா, அயல் தவறு என்பதற்கு இன்னும் வலுவான காரணம் இருக்கிறது. உங்கள் ஆபீஸில் புது டிரைவரைச் சேர்க்க ஒரு பழைய டிரைவர் பொறுப்பேற்க வேண்டும் என்றீர்கள். டிரைவர் அட்டவணையில் 'பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம் வரும், அது அதே டிரைவர் அட்டவணையைத்தான் காட்டும். தன் வீட்டுக்குள்ளேயே இருப்பவர் எப்படி அயலார் ஆவார்?

பார்வையும் ஆகாது. சேமித்து வைத்த வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, ஓர் அட்டவணை போலக் காட்டுவதைப் பார்வை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நாலாவது வாரத்தில் அது வரும்போது பிள்ளைகள் குழம்புவார்கள். 'எண்' என்பதும் இடிக்கிறது. கன்டெய்னர் அடையாளத்தில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்து இருப்பதை எண் என்று எப்படிச் சொல்வது?

'அ இ உ அம்மூன்றும் சுட்டு' என்று தொல்காப்பியம் படித்த குழு இது. சுட்டுக் கட்டம் என்று வையுங்கள். அ என்றால் அங்கே, அந்த வரிசை.

வண்டி அட்டவணைக்குப் பதிவு எண்ணை முதன்மை அடையாளமாக வைத்ததையும் யோசியுங்கள். வேறு மாநிலத்துக்கு மாற்றிப் பதிந்தால் அது மாறிவிடும். சேசிஸ் எண் மாறாது.

தண்டையார்பேட்டையிலிருந்து, சனி பிற்பகல்

முதல் பக்கத்தில் உறவு பற்றிய வரியைத் திருத்திவிட்டேன், நன்றி. வண்டிக்குத் தனியாக ஒரு வரிசை எண் கொடுத்து, பதிவு எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சாதாரணக் கட்டங்களாக்கிவிட்டேன்.

ஃபாரின் கீ என்பது ஒரு முறை அடைப்புக்குறிக்குள் வரும். அதற்குமேல் என்னால் இறங்க முடியவில்லை. டிரிப்பும் லோடும் அவர்கள் வாயில் பழகிய சொற்கள், ஃபாரின் கீ அப்படி இல்லை. தெரியாத சொல்லைத்தான் கற்க வேண்டுமென்றால், பொருள் தெரியும் சொல்லாக அது இருக்கட்டும்.

எனக்குப் பார்வை எண்ணில்தான் மனம் இருந்தது. ஆனால் பெரம்பூர் ஐயா சொன்ன கட்டுப்பாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று கிளார்க்கிடம் போனில் கேட்டேன். "பிணைன்னா ஜாமீன்தானே சார், புரியுது" என்றார். குழுவில் எழுதியவர்களில் ஐவர் பிணைக்கு, இருவர் சுட்டுக்கு, ஒருவர் ஃபாரின் கீக்கு. மேலும் நால்வர் எதுவானாலும் சரி, சீக்கிரம் முடியுங்கள் என்கிறார்கள். 'பிணைக் கட்டம்' என்று அச்சுக்குக் கொடுக்கிறேன்.

மணலியிலிருந்து, சனி இரவு

அச்சாகிவிட்டது என்றால் இருக்கட்டும். நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். காலையில் லோடு உறுதியாகிவிடும், டிரைவர் மாலையில்தான் முடிவாவார். அதுவரை டிரிப் வரிசையில் டிரைவர் கட்டம் காலி, தரவுத்தளம் அதை ஏற்றுக்கொள்ளும். அந்த நேரத்தில் அந்த வரிசைக்கு யார் பிணை? கை இன்னும் எதையும் சுட்டவில்லை என்று சொல்லலாம், ஆளே இல்லாத பிணை என்று சொல்ல முடியாது. ஐயா இதற்கு என்ன சொல்கிறார் என்று தெரிய வேண்டும்.