வால்வு மாத்துனவங்க வீட்டுல கீரை உண்டா, இல்லையா?

உசிலம்பட்டி மருமகள்:
மாமாவுக்கு இதயத்துல மைட்ரல் வால்வு (இடப்பக்க அறைகளுக்கு நடுவுல இருக்குற கதவு) மாத்தி ஆறு மாசம் ஆச்சு. உலோக வால்வு. "கீரையைக் குறைங்க"ன்னு ஒத்த வரியில சொல்லி அனுப்பிட்டாங்க. முருங்கைக்கீரை இல்லாட்டி அவருக்குச் சோறு இறங்காது. அத்தை பயந்துபோயி கொல்லையில இருந்த மரத்தையே வெட்டச் சொல்லிட்டாங்க. மாத்துனவங்க இருந்தா சொல்லுங்க.

செல்லூர்க்காரன்:
மரத்தை வெட்டாதீங்கம்மா! எனக்கு 2011-ல மாத்துனது. சித்ரா வால்வு, திருவனந்தபுரத்துல உருவாக்குனது, 1990-லருந்து வைக்கிறாங்க. நான் கீரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

விசயம் இதுதான். உலோக வால்வுல ரத்தம் உறையாம இருக்கத்தான் அசிட்ரோமோ வார்ஃபரினோன்னு மாத்திரை தர்றாங்க. அது வைட்டமின் கே-யோட வேலையைத் தடுக்குது. கீரையில அந்த கே நிறைய. திடீர்னு கூட்டுனா ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற டெஸ்ட் அளவு) இறங்கி வால்வுல ரத்தக்கட்டி சேரும். ஒரேடியா நிறுத்துனா ஏறி ரத்தம் கசியும். அதனால அளவு மாறாம இருக்கணும். எங்க வீட்டுல புதனும் சனியும் ஒரு கரண்டி, அம்புட்டுத்தான். எனக்கு ஐ.என்.ஆர். 2.5-லருந்து 3.5-க்குள்ள இருக்கணும்னு நோட்டுல எழுதியிருக்கு. மாமாவுக்கு எவ்வளவுன்னு அவர் டாக்டர்கிட்ட கேளுங்க.

கீரையைவிட நான் பயப்படுறது மெடிக்கல்ல கேட்டு வாங்குற வலி மாத்திரைக்கு. எங்க தெருவுல இன்னொரு வால்வு ஆளு, மூட்டுவலிக்கு டைக்ளோபினாக் போட்டாரு. நாலாம் நாள் வெளிக்கிப் போனது கரு கருன்னு, ஆளு தலைசுத்தி விழுந்துட்டாரு. வயித்துக்குள்ள ரத்தக்கசிவு. நாட்டு மருந்து, லேகியமும் கேக்காமத் தொடக் கூடாது.

ராத்திரி அமைதியில 'டிக் டிக்'னு கேக்குமே, அது வால்வு மூடுற சத்தம். அது மங்குனாலோ மூச்சு வாங்குனாலோ விடியட்டும்னு இருக்காதீங்க.

மேலூர் அக்கா:
எனக்கு வால்வு மாத்தலை, பலூன்தான். சின்ன வயசுல தொண்டைவலி, காய்ச்சல், அப்புறம் முட்டி ஒண்ணு மாத்தி ஒண்ணு வீங்கும். வாயுன்னு தைலம் தேச்சாக. ருமாட்டிக் காய்ச்சல்னு ஒருத்தரும் சொல்லலை.

மூத்தவன் வயித்துல இருந்தப்ப ஆறாம் மாசம், மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது. ரெண்டு தலையணை வச்சு உக்காந்தே தூங்குவேன். "மாசமா இருந்தா அப்படித்தேன்"னு ஊரே சொல்லுச்சு. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்த பெறகுதான் தெரிஞ்சது, மைட்ரல் வால்வு சுருங்கிக் கெடக்கு. பிள்ளைத்தாச்சிக்கு ரத்தம் கூடுமில்ல, சின்ன வாசல்ல அது எப்படிப் போகும்? தொடை வழியா குழாய் விட்டு பலூனை ஊதி விரிச்சாக, வயித்தை ஈயத்துணியால மறைச்சு. அன்னைக்கு ராத்திரிதான் காலை நீட்டிப் படுத்தேன்.

இப்ப 21 நாளைக்கு ஒருக்கா பென்சிலின் ஊசி. இடுப்புல போட்டா ரெண்டு நாள் நொண்டணும். வலிக்குதேன்னு விட்டா காய்ச்சல் திரும்ப வந்து வால்வை இன்னும் கெடுக்கும்னாக.

இன்னொண்ணு. உலோக வால்வு வச்ச பொண்ணுங்க, பிள்ளை உண்டாகுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிருங்க. ரத்தம் உறையாம இருக்கத் தர்ற அந்த மாத்திரை முதல் மூணு மாசத்துல கருவைப் பாதிக்கலாம்.

திருநகர் வாசி:
பல்லையும் சேத்துக்கோங்க. செயற்கை வால்வு இருந்தா பல்லு புடுங்குறதுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் போடணும், இல்லாட்டி கிருமி ரத்தத்துல ஏறி வால்வுல உக்காந்துரும். வால்வு வச்ச என் தம்பியைப் பல் ஆஸ்பத்திரியில உக்கார வச்சப்ப யாரும் கேக்கவே இல்லை, நாங்களாத்தான் வால்வு அட்டையை எடுத்து நீட்டினோம். ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரையையும் பல்லுக்காக நாமளா நிறுத்தக் கூடாது, இதய டாக்டர் சொல்லணும்.