பச்சிளங்குழந்தை வார்டு சிஸ்டர்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

கும்பகோணத்திலிருந்து கேள்வி:
அக்கா குழந்தை 32 வாரத்தில் பிறந்தது. தஞ்சாவூரில் தீவிர சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆகப் போகிறது. பார்த்துக்கொண்ட சிஸ்டர்களுக்கு ஏதாவது செய்யணும். சேலையா, ஸ்வீட்டா, பணமா?

பதில், திருவாரூர்:
பணம் வேண்டவே வேண்டாங்க. அரசு ஆஸ்பத்திரி என்றால் வாங்குபவர் வேலைக்கே சிக்கல். பூவும் வார்டுக்குள் கூடாது, கிருமி வரும்.

கடிதம் எழுதுங்க. "நல்லா பார்த்துக்கிட்டாங்க" என்று பொதுவாக வேண்டாம், செய்ததைச் சொல்லுங்க. வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் பால் கொடுக்கும்போது, அதில் மாட்டிய சிரிஞ்சின் பிஸ்டனை (உள்ளே தள்ளும் தண்டை) எடுத்துவிட்டு, வெறும் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, பால் தானாக இறங்கும்வரை நிற்பாங்க. அழுத்தித் தள்ளினால் குழந்தை கக்கும், மூச்சு முட்டும். அந்தப் பொறுமைக்குத்தான் நன்றி சொல்லணும். செவிலியர் கண்காணிப்பாளருக்கு ஒன்று, வார்டு இன்சார்ஜுக்கு நகல். மூன்று ஷிப்டையும் குறிப்பிடுங்க. விட்டுப்போவது பெரும்பாலும் நைட் டூட்டிதான்.

பதில், மயிலாடுதுறை:
ஸ்வீட் என்றால் கடையில் பேக் செய்தது, ஓய்வறையில் மட்டும். அதைவிட முக்கியம், அவங்க ஏற்றிவிட்ட எடையை வீட்டில் காப்பாற்றுவது. கங்காரு முறையில், தோலோடு தோல் படும்படி நெஞ்சோடு அணைப்பதை நிறுத்தாதீங்க. ஒரு தடவைக்குக் குறைந்தது 1 மணி நேரம். தொடும் முன் மோதிரம், வளையல் கழற்றி, சோப்பால் 40 நொடி கை கழுவணும். பிறந்து 4 வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை. தவறினால் பார்வையே போகலாம்.

கும்பகோணம்:
ரொம்ப நன்றிங்க. விழித்திரைப் பரிசோதனைத் தேதியை இன்றே கேட்டுவிடுகிறோம்.