நான்கு சுற்று நேர்காணல், பிறகு மௌனம்: இன்னும் காத்திருக்கலாமா?

கேள்வி:
கணக்காளர் வேலைக்கு நான்கு சுற்று நேர்காணல் முடித்தேன். மூன்றாம் சுற்றில் தங்கள் உண்மையான கணக்கையே கொடுத்து, எங்கே இடிக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். சனி, ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து, ஒரே பில் இரண்டு முறை பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்து அனுப்பினேன். கடைசிச் சுற்றுக்கு மேலாளர் 40 நிமிடம் தாமதமாக வந்தார். என் விண்ணப்பத்தை அப்போதுதான் முதன்முதலாகப் புரட்டினார். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "திருமணம் எப்போது?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாகச் சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. இல்லை என்று ஒரு வரி எழுதக்கூடவா நேரமில்லை? மனம் ஆறவில்லை.

பதில்:
காத்திருக்காதீர்கள். பல இடங்களில், முதலில் தேர்வானவர் வந்து சேரும்வரை மற்றவர்களுக்குப் பதில் சொல்லாமல் வைத்திருப்பார்கள். ஆனால் உங்களை வைத்து அவர்கள் கணக்கைச் சரிசெய்துகொண்டது அநியாயம். இனி மாதிரிக் கணக்கு மட்டும் கேளுங்கள்.

பதில்:
நான் ஆள் தேர்வில் இருப்பவள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பிடும் நேர்காணலே திறமையை நன்றாகக் கணிக்கிறது என்று ஷ்மிட், ஹன்ட்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1998-லேயே எழுதிவிட்டார்கள். திருமணக் கேள்விக்கு அங்கே என்ன வேலை? "இது பணிக்கு எப்படித் தொடர்பு?" என்று அமைதியாகத் திருப்பிக் கேளுங்கள், தம்பி.

கேள்வி கேட்டவர்:
தம்பி இல்லை அக்கா, தங்கை. அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. இன்றிரவே வேறு மூன்று இடங்களுக்கு விண்ணப்பிக்கிறேன்.