‘ஃபிஸ்டுலா’வுக்கு ‘ஒழுக்குத்துளை’ எனலாமா?

மதிப்பிற்குரிய கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஹைப்போஸ்பேடியாஸ் (சிறுநீர்த்துளை ஆண்குறியின் நுனியில் இல்லாத பிறவிக் குறை) அறுவைக்குப் பிந்தைய காயப் பராமரிப்புக் கையேட்டுக்காக, ‘ஃபிஸ்டுலா’ (தையலில் ஓட்டை விழுந்து சிறுநீர் வேறு வழியே வருவது) என்பதற்குப் ‘பவுத்திரம்’, ‘புரை’ என்னும் சொற்கள் இங்கே முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டும் பொருந்தா என்பது என் கருத்து. பவுத்திரம் என்றதும் ஆசனவாய் நோயே எவருக்கும் நினைவுக்கு வரும். புரையோடுதல் என்றால் சீழ் பிடித்து உள்ளே அரித்துச் செல்வது. ஆனால் சிறுநீர்த்துளை ஆண்குறியின் அடிப்பக்கத்தில் அமைந்து பிறந்த குழந்தைக்குப் புதிய சிறுநீர்க்குழாய் அமைத்த பின், தையலில் விழும் இந்த ஓட்டை சீழே இல்லாமலும் வரும். திசுவுக்கு இரத்த ஓட்டம் குறைவதும், குழாய்த் தையலும் தோல் தையலும் நேர்மேலாக அமைந்துவிடுவதும், நுனித்துளை சுருங்கி உள்ளே அழுத்தம் கூடுவதும் முக்கியக் காரணங்கள். 1994இல் ஸ்னாட்கிராஸ் என்னும் அறுவை மருத்துவர் வெளியிட்ட முறையில் குழாய் அமைப்போர், முன்தோலுக்கு அடியிலுள்ள டார்ட்டோஸ் திசுவை இரத்தநாளங்களோடு பிரித்தெடுத்து அவ்விரு தையல்களுக்கும் இடையே போர்த்துவது இதைத் தடுக்கத்தான். (அறுவைக்கு முன் இக்குழந்தைகளுக்குச் சுன்னத்து செய்யக்கூடாது என்பதையும் முதற்பக்கத்திலேயே அச்சிட வேண்டும், அந்தத் தோல் பின்னர் தேவைப்படும்.)

ஆகவே ‘ஒழுக்குத்துளை’ என்பதை முன்வைக்கிறேன். ‘கசிவுத்துளை’ என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். முதல் சில நாள்களில் காயத்தின் கட்டுத்துணியில் இளஞ்சிவப்பாகச் சிறிது நீர் கசிவது இயல்பு; அதைக் கண்டு தாய் அஞ்ச வேண்டியதில்லை. சிறுநீர் வடிய உள்ளே வைத்த வடிகுழாயை எடுத்த பின், குழந்தை சிறுநீர் கழிக்கையில் நுனியில் ஒரு தாரையும் அடியில் தனியே சொட்டுகளும் வந்தால், அதுவே ஒழுகுதல். முன்னதைக் கசிவு என்றும் பின்னதை ஒழுக்கு என்றும் பிரித்துவிட்டால், எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பது சொல்லிலேயே விளங்கும். ஒழுக்குத்துளையை உடனே தைத்து மூடுவதில்லை. வீக்கம் வடிந்து திசு இளகக் குறைந்தது 6 மாதமாவது காத்திருப்பர் என்பதையும் அவ்விடத்திலேயே சேர்க்கலாம்.

தைத்த காயம் விட்டுப்போவதைக் குறிக்கும் ‘டிஹிசென்ஸ்’ என்பதற்குத் ‘தையல் பிரிதல்’ போதும். வார்டில் செவிலியரும் பாட்டிமாரும் அதையே சொல்கின்றனர்.

ஒன்றன்மேல் ஒன்றாக இரு டயப்பர் அணிவிப்பதைக் குறிக்கும் ‘இரட்டை டயப்பர்’ அப்படியே இருக்கட்டும். ஆனால் செய்முறையைப் படத்துடன் விளக்க வேண்டும்: உள் டயப்பரின் முன்புறத்தில் துளையிட்டு, வடிகுழாயின் முனையை அதன் வழியே வெளி டயப்பருக்குள் விட்டால், மலம் உள்ளேயே தங்கும், சிறுநீர் வெளி டயப்பரில் சேரும், குழாய் முனையில் மலம் படாது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கையேடு அச்சுக்குப் போகுமுன் தெரிவிக்க வேண்டுகிறேன்.