கேம்பர் வேனின் மேல் அலமாரி இறங்கிவிட்டது – எந்தப் பசை போடலாம்?

வழிப்போக்கன்:
வணக்கம். எங்கள் வேனில் படுக்கைக்கு மேலே இருக்கும் அலமாரி கீழே இறங்கிவிட்டது. கூரைக்கும் அதற்கும் நடுவே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது. கதவைச் சாத்தினால் கொக்கி பொருந்துவதில்லை. பழைய திருகுகளைக் கழற்றிவிட்டு நீளமானவற்றை முடுக்கிப் பார்த்தேன். அவை சுற்றிக்கொண்டே இருக்கின்றனவே தவிர இறுகவில்லை. வெள்ளிக்கிழமை ஸ்காட்லாந்துக்குப் புறப்படுகிறோம், அம்மா அந்த அலமாரியின் அடியில்தான் படுப்பார். எந்தப் பசை நிற்கும் என்று விரைவாகச் சொல்லுங்கள்.

தச்சுப்பட்டறை:
எந்த வேன், எந்த ஆண்டு? முழு நீளமும் இறங்கியிருக்கிறதா, ஒரு முனை மட்டுமா? திருகு கூரையின் இரும்புச் சட்டத்தில் ஏறுகிறதா, மரப்பட்டியில் ஏறுகிறதா? இவை தெரியாமல் பசையைப் பற்றிப் பேச முடியாது. அதுவரை உள்ளே இருப்பதை எல்லாம் இறக்கிவிட்டு, அடியில் ஒரு சட்டத்தை நிறுத்தி முட்டுக் கொடுத்து வையுங்கள்.

கோவை வேன்காரர்:
நான் ஃபோர்ஸ் டிராவலர் வண்டிகளுக்கு உள்வேலை செய்கிறவன். என் அனுபவத்தில் பத்தில் எட்டுக்குப் பாரம்தான் காரணம். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை சதுர மீட்டருக்குச் சுமார் 13 கிலோ வரும். 15 மில்லிமீட்டர் பாப்லர் பிளைவுட் ஏறக்குறைய 7 கிலோதான். அதற்குள் அரிசியும் டப்பா உணவும் அடுக்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் திருகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டு வரும். உங்கள் அலமாரி எந்தப் பலகை?

இரும்புச்சட்டம்:
இந்தக் கேள்விக்கு நான் இங்கே பலமுறை விடை எழுதியிருக்கிறேன். கேட்பவர்கள் முதலில் தேடிப் படித்துவிட்டு வருவது நல்லது. வேனின் கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது, அதில் திருகின் மரை பிடிக்காது. கூரைச் சட்டத்தில் 9 மில்லிமீட்டர் துளையிட்டு, எம் 6 ரிவ்நட் (மெல்லிய தகட்டில் இறுகி, 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரை தரும் நட்டு) பதித்து, போல்ட்டால் மாட்டுவதுதான் முறை. நீளமான திருகைப் போட்டது பெரும் பிழை. சட்டத்தைத் தாண்டினால் அது வெளிக்கூரையைத் துளைத்துவிடும்.

மெல்பர்ன் தமிழன்:
போல்ட் பாரத்தை ஒரு புள்ளியில் வைக்கிறது, பாலியூரித்தேன் பசை நீளம் முழுவதும் பரப்புகிறது. காரின் முன்கண்ணாடியே அந்த வகைப் பசையில்தான் நிற்கிறது. கரடுமுரடான செம்மண் சாலைகளில் என் அலமாரிகள் ஆறு ஆண்டுகளாக அசையவில்லை. ஆனால் பசை நாளொன்றுக்கு மூன்று மில்லிமீட்டர் ஆழம் அளவில்தான் இறுகும். வெள்ளிக்கிழமைக்குள் ஆகுமா என்று பாருங்கள்.

இரும்புச்சட்டம்:
முன்கண்ணாடியைச் சுத்தம் செய்த, பிரைமர் பூசிய விளிம்பில் ஒட்டுகிறார்கள். நீங்கள் கூரையின் உட்புறத்தை மூடியிருக்கும் துணியின் மேல் ஒட்டினால் பசை பிடித்துக்கொள்வது துணியைத்தான். பின்னால் கழற்ற வேண்டி வந்தால் பலகையே கிழியும்.

மெல்பர்ன் தமிழன்:
துணியின் மேல் ஒட்டச் சொல்லவில்லை. துணியை வெட்டி எடுத்துவிட்டுத் தகட்டில் ஒட்ட வேண்டும் என்பது பசை போடுகிற எல்லோருக்கும் தெரியும்.

மழைத்துளி:
பசையா போல்ட்டா என்பதைப் பிறகு பார்க்கலாம். சகோதரரே, திருகைக் கழற்றியபோது கூடவே வந்த மரத்தூள் என்ன நிறத்தில் இருந்தது? கூரையில் காற்றுத் துவாரம் அந்தப் பக்கத்திலா இருக்கிறது?

வழிப்போக்கன்:
மன்னிக்கவும், அவசரத்தில் எதையும் சொல்லவில்லை. 2008 ஃபியட் டுகாட்டோ, லெஸ்டரில் இருக்கிறோம். இடப்புறத்தின் பின்முனை மட்டும் இறங்கியிருக்கிறது, அதை ஒட்டித்தான் காற்றுத் துவாரம். திருகு மரப்பட்டியில் ஏறுகிறது. தூள் காப்பித்தூள் நிறத்தில், விரலில் ஒட்டும் ஈரத்தோடு வந்தது. பலகை பிளைவுட்தான், உள்ளே பிள்ளைகளின் துணிகள் மட்டுமே.

மழைத்துளி:
அப்படியானால் பாரம் காரணமில்லை, ஒழுகல். துவாரத்தின் சீல் வெடித்து, மழைநீர் துணிக்குப் பின்னால் இறங்கிப் பட்டியை ஊறவைத்திருக்கிறது. ஊறிய மரம் திருகையும் தாங்காது, பசையையும் தாங்காது. திருப்புளி முனையால் பட்டியை ஒவ்வொரு சாணுக்கும் குத்திப் பாருங்கள். முனை இறங்கும் இடம் வரை வெட்டி எடுக்க வேண்டும். துவாரத்தைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் பட்டை (நீர் புகாத, ஒட்டும் ரப்பர் நாடா) வைத்துத் திரும்ப மாட்டுங்கள். உள்ளே நன்றாக உலர்ந்த பிறகே புதிய பட்டி. இது வெள்ளிக்கிழமைக்குள் முடிகிற வேலை இல்லை. ஆகவே அலமாரியை முழுதாக இறக்கி வீட்டில் வைத்துவிட்டுப் போய்வாருங்கள்.

தச்சுப்பட்டறை:
இதுவே சரி. புதிய பட்டியை இரும்புச்சட்டம் சொன்ன ரிவ்நட்டில் கட்டலாம். துளையிடுமுன் விளக்கு ஒயர் எங்கே ஓடுகிறது என்று தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழிப்போக்கன்:
அலமாரியை இறக்கிவிட்டோம். பட்டி இரண்டடி நீளத்துக்குக் கறுத்திருந்தது, கையாலேயே பிய்ந்து வந்தது. துவாரத்தின் மேல் இப்போதைக்கு டேப் ஒட்டியிருக்கிறேன். நன்றி. நாளை புறப்படுகிறோம்.

மழைத்துளி:
நல்லபடியாகப் போய்வாருங்கள். நீங்கள் முடுக்கிய அந்த நீளத் திருகுகள் வெளிக்கூரையைத் துளைத்திருக்கின்றனவா என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தீர்களா?